சரளி வரிசையிலே பத்து மாதம்

சென்ற ஆண்டு விசயதசமியன்று காலையில், எமது ஊரிலுள்ள சங்கீத ஆசிரியை ஒருவரின் வீட்டு விறாந்தையிலே பதினொரு குழந்தைகள் வரிசையாக அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவர் முன்னிலையிலும் ஒரு தட்டம். அதிலே வெற்றிலை, பாக்கு, பழம், தட்சணை. வரிசையின் கடைசியிலே, நரை தட்டிய தலையும் மூக்குக் கண்ணாடியுமாகப் பன்னிரண்டாவது மாணாக்கர் ஒருவர் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்ட தாயார் ஒருவர், “பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தீர்களா?” என்று பரிவோடு வினவினார். “பிள்ளையும் படிக்க வந்திருக்கிறாள், நானும் படிக்கத்தான் வந்திருக்கிறேன்” என்று விடை வந்தது. அம்மையார் புன்னகையை மறைக்கப் பெரிதும் முயன்றார். அந்தப் பன்னிரண்டாவது மாணாக்கர் நாமே. எமக்கு வயது 46.

இந்த வயதில் இது எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். விடை சொல்வதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

நாம் பதின்மூன்று வயதில் பயின்ற பாடசாலையிலே ஒரு கலைவிழா. சேர்ந்திசைக்கு நாற்பது மாணவர்களை நிறுத்திப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பயிற்றியவர் திடீரெனக் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். வரிசை வரிசையாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். எம்மிடம் வந்ததும் நின்றார். “நீ வாயை மாத்திரம் அசை, சத்தம் வேண்டாம்” என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். அவர் அதனை அடுத்த நிமிடமே மறந்திருப்பார். நாம் மறக்கவில்லை. அன்று தொட்டு, கோயிற் கூட்டுப் பிரார்த்தனையிலும் சரி, பிறந்தநாள் வீட்டிலும் சரி, வாயை மாத்திரம் அசைத்து வாழ்ந்தோம். அருகில் நிற்பவர்கள் நாம் பாடுகிறோம் என்றே எண்ணிக்கொள்வர். இதிலே நாம் அடைந்த தேர்ச்சிக்கு ஒரு பட்டமே தரலாம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் கதை எம்மோடு முடிந்திருக்கும். எமது மகளுக்கு எட்டு வயது. வீட்டுக் கணக்குகளைச் செய்யும்போது தனக்குள் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே செய்வாள். ஒருநாள் தலையை நிமிர்த்தி, “அப்பா, எனக்குப் பாட்டு வருமா?” என்று கேட்டாள். நாம் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “எங்கள் பரம்பரைக்கே பாட்டு வராது, பிள்ளை” என்று சொல்லிச் சிரித்தோம். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அடுத்த நாள் அந்த முணுமுணுப்புக் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு கிழமை சென்றபின் எமது துணைவியாரே அதனை எடுத்துச் சொன்னார். “உங்களுக்கு ஒருவர் செய்ததை நீங்கள் இவளுக்குச் செய்துவிட்டீர்கள்” என்றார். அன்றிரவு நித்திரை வரவில்லை. பிள்ளையை மாத்திரம் வகுப்பில் சேர்த்துவிட்டு வாசலில் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தால், “பரம்பரைக்கே வராது” என்ற சொல் அப்படியே நிற்கும். சொன்ன வாயே பாடிக் காட்டவேண்டும் என்று தோன்றியது.

ஆசிரியைக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. பாடசாலைகளிலே சங்கீதங் கற்பித்து இளைப்பாறியவர். முதல் நாள் சடங்குகள் முடிந்து குழந்தைகள் போனபின் எம்மைத் தனியே இருத்தி, சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, “ஸ என்று பாடும்” என்றார். பாடினோம். அவர் முகத்திலே ஒரு மாறுதலுமில்லை. பெட்டியின் சுருதியைச் சற்றுத் தாழ்த்தினார், மீண்டும் பாடினோம், மேலும் தாழ்த்தினார். பின்னர், பாடசாலைச் சம்பவத்தை எம் வாயாலேயே வரவழைத்து, “அப்பொழுது உமக்கு என்ன வயது?” என்று கேட்டார். பதின்மூன்று என்றோம். ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். “தம்பி, அது மகரக்கட்டு. அந்த வயதிலே எந்த ஆண் பிள்ளையுந்தான் அப்படிப் பாடும். ஆறு மாதம் பொறுத்திருந்தால் போயிருக்கும்” என்றார்.

மகரக்கட்டு என்ற சொல்லை நாம் அறிவோம். அதனை எம்மோடு பொருத்திப் பார்க்கத்தான் அதுவரை தோன்றவில்லை. பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட பருவத்தில் ஆண் பிள்ளைகளின் குரல்வளை விரைவாக வளர்கின்றது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பேச்சுக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகின்றது. நேற்று வரை பழகிய தொண்டை இன்று வேறொரு கருவியாக மாறிக் கிடக்கும்போது, அதனைக் கையாளத் தெரியாமற் குரல் உடைவதிலே வியப்பில்லை. பாடகர்கள் பலரும் கடந்து வந்த படிதான் அது. நல்லாசிரியர்கள் அக்காலத்திலே மாணவனைத் தாழ்ந்த சுருதியில் மெல்லப் பாடவிடுவர். அல்லது தாளம், வாத்தியம் என்று வேறு வழியில் ஈடுபடுத்துவர். பதின்ம வயதுப் பையன்கள் இருக்கும் வீடுகளில் இதைக் கவனிக்கவேண்டும். எத்தனையோ குரல்கள் இந்த ஆறு மாதத்திலே நிரந்தரமாக அடைக்கப்பட்டுவிடுகின்றன.

பிறவியிலேயே சுருதி பேதம் அறியாதவர்கள் உலகில் இல்லாமலில்லை. கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இசபெல் பெரெட்ஸ் அம்மையார் முதலியோர் இக்குறைபாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளனர். இத்தகையோர் நூற்றுக்கு நால்வர் எனப் பல காலம் சொல்லப்பட்டது. பின்னர் வந்த கணிப்புகள் அதனினும் குறைவு என்கின்றன. ஆனால் தமக்குச் சங்கீதமே வராது என்று சொல்லிக்கொள்வோர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள்! அவர்களிற் பெரும்பாலோருக்குக் குறை காதிலுமில்லை, தொண்டையிலுமில்லை. காதையும் தொண்டையையும் இணைக்கும் பழக்கம் ஏற்படவில்லை, அவ்வளவே. பண்டைத் தமிழர் ஏழிசைக்கு இட்ட பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன. காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழிசையை ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ அவர் மறைந்த 1947ஆம் ஆண்டிலேயே அரங்கேறிற்று. அந்த ஏழு பெயர்களின் நிரலில் முதலாவது பெயர் ‘குரல்’ என்பதைப் படித்தபோது, “எனக்குக் குரலில்லை” என்று இத்தனை காலம் சொல்லித் திரிந்த எமக்குச் சிறிது வெட்கமாக இருந்தது.

முதல் ஆறு கிழமையும் எமக்குக் கிடைத்த பாடம் மூன்றே சுரங்கள்: கீழ் ஸ, ப, மேல் ஸ. பாட்டு உண்டா என்றால் இல்லை. புத்தகம் உண்டா என்றால் அதுவும் இல்லை. “நீர் பாட முயலுகிறீர்; முதலில் கேட்க முயலும்” என்பார் ஆசிரியை. கேட்பது என்றால் என்ன என்பதை அப்பொழுதுதான் அறிந்தோம். சுருதிப் பெட்டியின் ஒலி செக்கனுக்கு 130 தடவை அதிர்கிறது என்றும், எமது தொண்டை 127 தடவை அதிர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் சேரும்போது செக்கனுக்கு மூன்று தடவை ஒலி பெருத்துஞ் சிறுத்தும் தளம்பும். குரலை மெல்ல உயர்த்த உயர்த்த அத்தளம்பல் ஆறுதலாகும். முற்றாகப் பொருந்தியதும் நின்றுவிடும். அந்தக் கணத்திலே எமது குரல் எங்கோ மறைந்து பெட்டி மாத்திரம் பாடுவதுபோல ஒரு மயக்கம் உண்டாகும். முதன்முறை அது நேர்ந்தது நாலாவது கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. பாடுவதை நிறுத்திவிட்டோமோ என்று எண்ணித் தொண்டையைத் தொட்டுப் பார்த்தோம். ஆசிரியை தலையை மாத்திரம் அசைத்தார்.

எந்தச் சுருதியிற் பாடுவது என்பதும் முதலிலே தீர்க்கவேண்டிய விஷயம். ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டு சுருதியை ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று சொல்வது வழக்கம். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் நிற்பர். பெண்களுக்கும் சிறுவர்க்கும் நாலரை முதல் ஆறு வரையும் செல்லும். எமக்கு ஒரு கட்டை; மகளுக்கு ஐந்து. அதனால் இருவருக்கும் வெவ்வேறு நேரத்திலே பாடம். கூட்டமாகப் பிள்ளைகளை இருத்தி எல்லாருக்கும் ஒரே சுருதியில் நடத்தும் வகுப்புகளிலே, தனக்குப் பொருந்தாத உயரத்திற் கத்திக் கத்திக் குரலைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளையும் நாம் கண்டிருக்கிறோம். பெற்றோர் முதல் மாதத்திலேயே “என் பிள்ளையின் கட்டை எது?” என்று ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டுவைப்பது நன்று. விடை தயங்காமல் வந்தால் ஆசிரியர் பிள்ளையின் குரலைத் தனியே கேட்டிருக்கிறார் என்று அறியலாம்.

ஏழாவது கிழமை சரளி வரிசை தொடங்கிற்று. ஸ்வராவளி என்ற வடசொல்லே சரளி எனத் திரிந்தது என்பர். இப்பாடங்களை ஒழுங்குபடுத்தியவர் விஜயநகரப் பேரரசின் காலத்தில், 1484 முதல் 1564 வரை வாழ்ந்தவராகக் கொள்ளப்படும் புரந்தரதாசர் என்பது மரபு. கன்னட நாட்டு அடியார் ஒருவர் வகுத்த பாடத்தை, நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், யாழ்ப்பாணத்துக் குழந்தை ஒன்று அதே ஒழுங்கில் அதே இராகத்திற் பாடுகிறது என்பதை நினைக்குந்தோறும் வியப்பே உண்டாகும்.

அந்த இராகம் மாயாமாளவகௌளை. 72 மேளகர்த்தாக்களுள் 15ஆவது. தொடக்கத்திற்கு இதைத் தெரிந்தெடுத்ததன் நுட்பத்தை ஆர்மோனியத்திற் பார்த்தால் உடனே விளங்கும். ஸவிலிருந்து ரி அடுத்த கட்டை. ரியிலிருந்து க மூன்று கட்டை தள்ளி. கவிலிருந்து ம மீண்டும் அடுத்த கட்டை. பவிலிருந்து மேலே செல்லும்போதும் இதே அமைப்பு: த அடுத்தது, நி மூன்று தள்ளி, மேல் ஸ அடுத்தது. ஒரே படிக்கட்டை இரண்டு தடவை ஏறுவதுபோல. சின்ன இடைவெளியும் பெரிய இடைவெளியும் பக்கத்திற் பக்கத்தில் இருப்பதால், காது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பழகிவிடுகிறது. அத்துடன், கமகம் இல்லாமலே சுரங்களை நேராக நிறுத்திப் பாட இடந்தரும் இராகம் இது. தொடக்கக்காரருக்கு உரியது என்று இதை இலேசாக எண்ணிவிடக் கூடாது. முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணிகையிலே பாடிய முதற் கீர்த்தனை இந்த இராகத்திலேயே அமைந்தது என்பர்.

தாளம் எம்மைப் படுத்திய பாடு தனிக்கதை. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பின் சிறுவிரல், மோதிரவிரல், நடுவிரல், இது நான்கு. தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு, இது நான்கு. சொல்லும்போது எவ்வளவு எளிது! முதலாங் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம். இரண்டாங் காலத்தில் இரண்டு. மூன்றாங் காலத்தில் நான்கு. ஏற்றமும் இறக்கமுமாகப் பதினாறு சுரங்கொண்ட முதல் வரிசை, முதலாங் காலத்தில் இரண்டு ஆவர்த்தனம் நிற்கும். இரண்டாங் காலத்தில் ஒன்று. மூன்றாங் காலத்திலோ அரை ஆவர்த்தனத்தில் முடிந்துவிடும். ஆகவே இருமுறை பாடவேண்டும். கை ஒரே சீராக நடக்க, வாய் மாத்திரம் வேகம் மாறவேண்டும் என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். எமக்கோ வாய் ஓடினால் கையும் கூடவே ஓடியது. கையைப் பிடித்து வைத்தால் வாய் நின்றது. எமது மகள் இதை இரண்டு நாளிற் பிடித்துக்கொண்டாள். எமக்கு இரண்டு மாதம் சென்றது. வெள்ளவத்தையிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் ஒருவர், நாம் பேருந்துக்குக் காத்து நிற்கையிலே தொடையில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டு, கடன் கணக்கோ என்று கவலையோடு விசாரித்தார்.

வயது முதிர்ந்த மாணாக்கருக்கு இப்படிப் பல இடைஞ்சல்கள் உண்டாயினும், ஒரு பெரிய முதலும் உண்டு. எமது காது வெறுங் காதன்று. இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களின் நாதஸ்வர, தவில் வித்துவான்கள் வாசித்த திருவிழாக்களில் அப்பாவின் மடியிலும் ஐயாவின் தோளிலும் உறங்கி வளர்ந்த காது அது. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலை (அவர் 1933 முதல் 1975 வரையே வாழ்ந்தார்) நேரிற் கேட்கும் பேறு எமது தலைமுறைக்கு இல்லை. ஆயினும் ஒலிப்பதிவுகளும் பெரியோர் கதைகளும் இருந்தன. இவற்றைக் கேட்டு வளர்ந்த ஒருவர், பாடத்தெரியாவிட்டாலும், தவறாகப் பாடினால் எங்கோ பிசகுகிறது என்பதை உணர்வார். குழந்தைகள் ஆசிரியர் சொன்னதை அப்படியே திருப்பிப் பாடிவிடுவர். முதியவர் ஏன் என்று கேட்பார். இரண்டுக்கும் பயனுண்டு. ஆசிரியையும் எமது கேள்விகளை வெறுக்கவில்லை; ஆனால் கேள்வி நீண்டால், “முதலிற் பாடும், பிறகு கேளும்” என்று முடித்துவிடுவார்.

மூன்றாம் மாதத்திலே வீட்டில் ஒரு புயல். அயல்வீட்டுப் பிறந்தநாள் விழாவில், எமது மகளோடு ஒத்த வயதுடைய சிறுமி ஒருத்தி சினிமாப் பாட்டொன்றைப் பின்னணி இசையோடு முழுவதும் பாடினாள். கைதட்டு ஓய நேரமாயிற்று. “நீயும் சங்கீதம் படிக்கிறாயாமே, ஒன்று பாடு பார்ப்போம்” என்று யாரோ கேட்க, எமது மகளிடம் இருந்தது சரளி வரிசை ஒன்பது மாத்திரமே. வீட்டுக்கு வந்ததும், இனி வகுப்புக்குப் போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நாம் பயந்தது இதற்குத்தான். பிள்ளை பாட்டை வெறுத்துவிட்டால், நாற்பத்தாறு வயதில் நாம் ஆடிய நாடகத்துக்கெல்லாம் பொருள் ஏது?

ஆசிரியையிடம் போய்ச் சொன்னோம். அவர் சினிமாப் பாட்டைப் பழிக்கவுமில்லை. பிள்ளைக்குப் புத்தி சொல்லவுமில்லை. மறுநாள் அவளை அழைத்து, “அப்பாவுக்கு மேல் ஸ எட்டவில்லை, தாளமும் ஓடுகிறது. எனக்கு வயதாகிவிட்டது. வீட்டில் நீதான் அவருக்கு ரீச்சர். ஒவ்வொரு ஞாயிறும் வந்து அவர் எப்படிப் படிக்கிறார் என்று எனக்குச் சொல்லவேண்டும்” என்றார். அவ்வளவுதான். அன்று மாலையே சாத்திய கதவு திறந்தது. எமது ஒரு கட்டையிலே சுருதியை வைத்து, அவள் ஒரு ஸ்தாயி மேலே நின்று பாடிக்காட்ட, நாம் கீழே நின்று பாடுவோம். தாளம் பிசகினால் அடிமட்டத்தால் மேசையில் ஒரு தட்டு. “அப்பா, திரும்பவும்!” பிறருக்குக் கற்பிக்கப் போய் அவளுடைய பாடம் இரட்டிப்பாக உறுதிப்பட்டது என்பதை ஆசிரியை அறிந்தே செய்தார் என்று நாம் நம்புகிறோம். ஓராண்டுக்குள் மேடையேறிப் பாடவேண்டும் என்று அவசரப்படும் பெற்றோரும், “நாலு மாதமாகியும் இன்னும் ஸரிகமவா?” என்று கேட்கும் மாமன் மாமியாரும் இத்தகைய நேரத்திலேயே பிள்ளையைக் குழப்பிவிடுகிறார்கள்.

பரீட்சைகளைப் பற்றியும் ஒரு சொல். பாடசாலையிலே ஆறாந் தரத்திலிருந்து அழகியற் பாடங்களுள் ஒன்றாகக் கர்நாடக சங்கீதம் உண்டு. அதற்குப் புறம்பாக, வட இலங்கைச் சங்கீத சபை தரந் தரமாகப் பரீட்சை நடத்திச் சான்றிதழ் வழங்கி வருகின்றது. இவை நாட்டிலே சங்கீதம் நிலைபெற உதவின என்பதில் ஐயமில்லை. மருதனார்மடத்திலே 1960ஆம் ஆண்டு இராமநாதன் சங்கீத அக்கடமி எழுந்து, மகாராஜபுரம் சந்தானம் போன்றவர்கள் வந்து தலைமை தாங்கி, பின்னர் 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததும் இவ்வளர்ச்சியின் ஒரு பகுதியே. ஆனால் சான்றிதழுக்காகவே ஆண்டுக்கொரு தரம் தாண்டும் ஓட்டத்தை நாம் விரும்புவதில்லை. மூன்றாந் தரம் சித்தியடைந்த பிள்ளை சுருதிப் பெட்டியை நிறுத்தியதும் தடுமாறுவதைக் கண்டிருக்கிறோம். எமது ஆசிரியையின் கருத்தும் இதுவே. அவர் கேட்டால் இன்னுங் கடுமையாகச் சொல்வார்.

வாத்தியம் பயில விரும்புவோரும் பலர். வயலின், வீணை, மிருதங்கம் ஆகிய எதுவாயினும், முதலிற் சில மாதம் வாய்ப்பாட்டு இருந்தால் விரலுக்கு வழி தெரியும். வயலினிலே வீணையிற்போல மெட்டுக்கள் இல்லை. விரல் சிறிது நகர்ந்தாலும் சுரம் பிசகும். காதே கண்ணாக இருக்கவேண்டும். மேனாட்டுக் கருவியாகிய அதனை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்று எமது சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார் என்பது பலரும் அறிந்ததே. அவரும் ஒருநாள் தொடக்கக்காரராக வில்லை இழுத்திருப்பார். அப்பொழுது அயலவர்கள் என்ன சொன்னார்களோ!

பயிற்சிக்கு நேரம் எங்கே என்று கேட்போருக்கு: எமக்கு அதிகாலை ஐந்தரை முதல் ஐம்பது வரை. இருபது நிமிடம். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் ஒரேயடியாகப் பாடிப் பார்த்தோம். தொண்டை கட்டியதே மிச்சம். ஒவ்வொரு நாளும் சிறிது பாடினாற்றான் நேற்றைய சுருதியை இன்றைய காது நினைவில் வைத்திருக்கிறது. சுருதிக்கு இப்பொழுது கைத்தொலைபேசியிலேயே செயலிகள் உண்டு. துருத்திப் பெட்டியைத் தேடி அலையவேண்டியதில்லை. அதே தொலைபேசியில் எமது குரலைப் பதிந்து கேட்டபோது திடுக்கிட்டோம். இது யாருடைய குரல்? பேசும்போது எமது குரல் காற்று வழியாக மாத்திரமன்றி மண்டையோட்டு எலும்புகள் வழியாகவும் உட்செவியை அடைகின்றது. அதனாலே எமக்கு அது கனத்துக் கேட்கும். பதிவிலே அந்தக் கனம் இல்லை. முதற் பதிவைக் கேட்டு மனம் உடைந்துபோகிறவர்கள் பலர். பத்துப் பதினைந்து தடவை கேட்டால் பழகிவிடும். பழகியபின் அதைவிட நேர்மையான சோதகர் வேறில்லை. ஆனால் இணையத்திலுள்ள காணொளிகளை மாத்திரம் பார்த்துப் படிக்கலாமென்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்வோம்: காணொளி எமக்குப் பாடிக்காட்டும், எம்மைக் கேட்காது. எமது ஸ தாழ்கின்றது என்பதை எமக்குச் சொல்ல ஒருவர் எதிரே இருக்கவேண்டும், தொடக்கத்திலாவது.

இந்தப் பத்து மாதத்திலே சரளி வரிசை முடிந்து, ஸஸ ரிரி என்று இரட்டித்து வரும் ஜண்டை வரிசை முடிந்து, துருவம் முதல் ஏகம் வரை ஏழு தாளங்களிலும் அமைந்த அலங்காரங்களும் ஒருவாறு முடிந்தன. ஒருவாறு என்று சொல்வது எமக்கே. மகள் செம்மையாகவே பாடுகிறாள். எமக்கு மேல் ஸ இன்னமும் இரண்டு நாளைக்கொரு நாள் தாழ்ந்தே வருகிறது. சென்ற மாதம் கோயிற் கூட்டுப் பிரார்த்தனையிலே முதன்முறையாகச் சத்தமிட்டுப் பாடினோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது எமக்குப் பெரிய பாராட்டாக இருந்தது. கணக்குச் செய்யும் மேசையிலே முணுமுணுப்பும் திரும்பி வந்துவிட்டது; இப்பொழுது அதிலே க சரியாக விழுகிறது.

சென்ற ஞாயிறன்று ஆசிரியை இருவருடைய கொப்பியையும் வாங்கி, மலஹரி என்று தலைப்பிட்டுக் கோடு போட்டார். அடுத்த கிழமை பிள்ளாரி கீதம் ஆரம்பம். புரந்தரதாசரின் பிள்ளையார் கீதங்கள் இந்த இராகத்திலேதான் உள்ளன; முதன்முதலாக எமது வாயிலே சொற்கள் ஏறப்போகின்றன. மலஹரி மாயாமாளவகௌளையில் பிறந்தது. ஆசிரியை எழுதியதை மகள் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்: ஏறும்போது ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஸ த ப ம க ரி ஸ. இரண்டாந் தடவையும் வாசித்தாள்.

“ரீச்சர், நி எங்கே போய்விட்டது?” என்று கேட்டாள்.

“அடுத்த கிழமை அப்பாவையுங் கூட்டிக்கொண்டு வா, பாடிப் பார்ப்போம்” என்றார் ஆசிரியை.